அயோவாவின் ஒரு கிராமப்புறக் கவுன்டியில் அரசு வேளாண் மானியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க விவசாயிக்கு அந்த அரசு அள்ளிக் கொடுக்கிறது என்ற பேச்சு தமிழில் அடிக்கடி வரும். மொத்தத் தொகையும் கூடவே வரும். அந்தப் பணம் எந்தக் கணக்கில், யார் கைக்கு, எந்த மாதத்தில் போகிறது என்ற விவரம் மட்டும் வராது. அதில்தான் விஷயமே இருக்கிறது. வழக்கமான விலை ஆதரவுப் பணம் வயலில் நிற்கும் பயிரைப் பார்த்து வருவதில்லை. ஏட்டில் இருக்கும் பழைய ஏக்கரைப் பார்த்து வருகிறது. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

இந்தப் பக்கம் அயோவா மாநிலத்தின் கொசூத் கவுன்டியை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. கவுன்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி. மாநிலத்தின் 99 கவுன்டிகளில் பரப்பில் மிகப் பெரியது இதுதான். மக்கள்தொகையோ 15,000-க்குள். தலைநகரம் அல்கோனா. மக்காச்சோளம், சோயா, பன்றி வளர்ப்பு, இவைதான் பிழைப்பு. விதிகள் மத்திய அரசின் விதிகள் என்பதால் பக்கத்துக் கவுன்டிகளுக்கும் பொருந்தும். தேதிகள் சில பயிருக்கும் மாநிலத்துக்கும் ஏற்ப மாறும்.

கவுன்டியில் இந்தப் பணத்தைக் கையாளும் அலுவலகம் எது?

பண்ணைச் சேவை முகமை. எஃப்எஸ்ஏ என்றால்தான் அங்கே எல்லோருக்கும் தெரியும். மத்திய வேளாண் துறையின் கிளை இது. விலை ஆதரவுத் திட்டங்களின் பணம் 1933-இல் உருவான சரக்குக் கடன் கழகத்தின் கணக்கிலிருந்து வருகிறது. கவுன்டி அரசின் பணம் இதில் ஒரு சென்ட்கூட இல்லை.

அலுவலகத்துக்கு மேலே ஒரு கவுன்டிக் குழு உண்டு. 3 முதல் 11 பேர் வரை இருக்கலாம். எல்லோரும் உள்ளூர் விவசாயிகள், விவசாயிகளாலேயே தேர்ந்தெடுக்கப்படுபவர்கள். பதவிக்காலம் மூன்று ஆண்டு. வாக்குச்சீட்டு நவம்பரில் தபாலில் வரும்; டிசம்பர் முதல் திங்கட்கிழமைக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். மானிய விகிதத்தைக் குழுவால் மாற்ற முடியாது. ஆனால் தகுதி, தாமத மனு, முதல் மேல்முறையீடு எல்லாம் இவர்கள் முன்னால்தான் வரும். ஆகவே இந்தத் தபாலைக் குப்பையில் போடுவது புத்திசாலித்தனம் அல்ல.

‘அடிப்படை ஏக்கர்’ என்றால் என்ன?

ஒரு பண்ணையில் முன்பு எந்தப் பயிர் எத்தனை ஏக்கரில் விதைக்கப்பட்டது என்பதை வைத்து அரசு ஏட்டில் ஏற்றிய பரப்பு. இதன் வேர் 1980-களில் இருக்கிறது. 2002-இல் வந்த மத்திய வேளாண் சட்டம் 1998 முதல் 2001 வரையிலான விதைப்பை வைத்துப் புதுப்பித்துக்கொள்ள இடம் கொடுத்தது. 2014 சட்டம் 2009–2012 விதைப்பை வைத்துப் பயிர்களுக்குள் மாற்றிப் பகிர அனுமதித்தது. மொத்த ஏக்கரைக் கூட்ட விடவில்லை.

விளைவைப் பாருங்கள். 100 ஏக்கர் மக்காச்சோள அடிப்படை உள்ள நிலத்தில் இந்த ஆண்டு முழுக்கச் சோயா விதைத்தாலும் மக்காச்சோளத்துக்கான தொகைதான் வரும். ஒன்றுமே விதைக்காவிட்டாலும் வரும். பக்கத்து வயல்காரர் இருபது ஆண்டாக மக்காச்சோளமே போட்டிருக்கலாம். அவர் நிலத்துக்கு ஏட்டில் அடிப்படை ஏக்கர் இல்லையென்றால் இந்தத் திட்டங்களில் அவருக்கு எதுவும் இல்லை. புதிதாக உழவுக்கு வருபவருக்கு இது பெரிய அநியாயம் என்றே சொல்ல வேண்டும்.

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் இதைக் கொஞ்சம் தளர்த்தியது. 2019–2023 விதைப்பை வைத்து நாடு முழுவதற்கும் சேர்த்து 3 கோடி ஏக்கர் வரை புதிய அடிப்படை ஏக்கர் சேர்க்கலாம். 2026 பயிரிலிருந்து அது நடைமுறைக்கு வருகிறது.

நிலம் வாங்குபவர் விற்பனைக்கு முன்பே அந்தப் பண்ணையின் ஏட்டுப் பக்கத்தைக் கேட்டு வாங்குவது அவசியம். எஃப்எஸ்ஏ-156இஇசட் என்ற ஒரு தாள் அது. பண்ணை எண், நிலத்துண்டு எண், பயிர் நிலப் பரப்பு, பயிர்வாரியாக அடிப்படை ஏக்கர், ஏட்டு விளைச்சல் (ஏக்கருக்கு இவ்வளவு என்று அரசு பதிந்துவைத்த விளைச்சல்) எல்லாம் அதில் இருக்கும். ஒரு நிலத்துண்டின் ஒரு பகுதியை மட்டும் வாங்கினால் அடிப்படை ஏக்கர் வழக்கமாகப் பயிர் நில விகிதப்படி பிரியும். வேறு விதமாகப் பிரிக்க விற்பவரும் வாங்குபவரும் பேசிக்கொண்டால், பத்திரம் மாறுவதற்கு முன்பே அதை எழுதிக் கையெழுத்திட வேண்டும். பத்திரம் முடிந்தபிறகு வந்து கேட்டால் நடக்காது.

பிஎல்சி, ஏஆர்சி இரண்டுக்கும் கணக்கு எப்படி?

பிஎல்சி விலை இழப்புக் காப்பு. சந்தை ஆண்டின் தேசிய சராசரி விலை, சட்டம் குறித்த விலைக்குக் கீழே போனால் வித்தியாசத்தைத் தருவார்கள். 2018 சட்டத்தில் மக்காச்சோளத்தின் குறிப்பு விலை புஷலுக்கு 3.70 டாலர், சோயாவுக்கு 8.40. 2025 சட்டம் இவற்றை 4.10, 10.00 என உயர்த்தியது. முந்தைய ஆண்டுகளில் சந்தை நன்றாக இருந்திருந்தால் நடைமுறைக் குறிப்பு விலை 15 சதவீதம் வரை ஏறலாம். ஒரு புஷல் மக்காச்சோளம் 25.4 கிலோ.

100 அடிப்படை ஏக்கர், ஏட்டு விளைச்சல் ஏக்கருக்கு 150 புஷல், குறிப்பு விலை 4.10, சராசரி விலை 3.80 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 30 சென்ட். தொகை 85 சதவீத ஏக்கருக்கு மட்டுமே. 0.30 × 150 × 85 = 3,825 டாலர். இதில் மத்திய அரசின் செலவுக் குறைப்புச் சட்டப்படி 5.7 சதவீதம் பிடிப்பார்கள். கைக்கு வருவது சுமார் 3,607.

ஏஆர்சி வருவாய்க் காப்பு. இதில் விளைச்சலும் சேரும். ஆனால் உங்கள் வயலின் விளைச்சல் அல்ல, கவுன்டியின் சராசரி. ஐந்து ஆண்டுக் கணக்கில் மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் நீக்கி மற்ற மூன்றின் சராசரியை எடுப்பார்கள். அது 200 புஷல், விலை 4.50 என்றால் அளவுகோல் வருவாய் ஏக்கருக்கு 900 டாலர். உத்தரவாதம் அதில் 90 சதவீதம், அதாவது 810. (2025 பயிருக்கு முன் 86 சதவீதம்தான்.) கவுன்டியின் உண்மை வருவாய் 190 × 3.90 = 741 என்றால் குறைவு 69 டாலர். உச்சம் அளவுகோலின் 12 சதவீதம், 108, அதற்குள் அடங்குகிறது. 69 × 85 = 5,865; பிடித்தம் போகச் சுமார் 5,531.

ஏமாற்றம் வருவது இங்கேதான். ஆலங்கட்டி மழையில் உங்கள் வயல் அழிந்திருக்கும். கவுன்டி சராசரி நன்றாக இருக்கும். ஏஆர்சி ஒன்றும் தராது. ஒரு வயலின் இழப்புக்குப் பயிர்க் காப்பீடுதான் மருந்து.

எதைத் தேர்ந்தெடுப்பது?

விலை நெடுநாள் சரியும் என்று தோன்றினால் பிஎல்சி. விலை சுமாராக நிற்கும், விளைச்சல் ஆடும் என்று தோன்றினால் ஏஆர்சி. தேர்வும் பதிவும் வழக்கமாக மார்ச் 15-க்குள். 2025 பயிருக்கு மட்டும் இரண்டில் எது அதிகமோ அதையே தரும்படி சட்டம் சொல்லிவிட்டது.

அறுவடை முடிந்து ஓராண்டு ஆகியும் பணம் வரவில்லையே?

தாமதம் அல்ல, கணக்கே அப்படித்தான். மக்காச்சோளம், சோயா சந்தை ஆண்டு செப்டம்பர் 1 முதல் அடுத்த ஆகஸ்ட் 31 வரை. அது முடிந்த பிறகே சராசரி விலை தெரியும். அக்டோபர் தொடக்கத்துக்குப் பிறகு பட்டுவாடா. 2025 இலையுதிர் காலத்தில் அறுத்த பயிருக்கான தொகை 2026 அக்டோபரில்தான். விதைக் கடனை அடைக்க இந்தப் பணத்தை நம்பக் கூடாது என்று கடன் கொடுக்கும் வங்கிகளே சொல்லும்.

புதிதாகப் பதிவு செய்பவர் என்னென்ன செய்ய வேண்டும்?

முதலில் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்து நேரம் வாங்குங்கள். கையில் அடையாள அட்டை, வரி எண், வங்கிக் கணக்கு விவரம், நிலப் பத்திரத்தின் நகல் அல்லது குத்தகை ஒப்பந்தம் இருக்கட்டும். நிறுவனம் என்றால் யார் கையெழுத்திடலாம் என்பதற்கான ஆவணமும் வேண்டும்.

அங்கே நிரப்ப வேண்டியவை: அடிப்படை விவரத்துக்கு ஏடி-2047, பண்ணையை யார் நடத்துகிறார், முதலீடு யாருடையது, உழைப்பு யாருடையது என்று சொல்லும் சிசிசி-902, வருமான வரம்புச் சான்றுக்கு சிசிசி-941, மண்ணரிப்பு நிலத்தையும் ஈரநிலத்தையும் கெடுக்க மாட்டேன் என்ற உறுதிமொழிக்கு ஏடி-1026. இவை நான்கும் இல்லாமல் எந்தத் திட்டத்திலும் பணம் இல்லை.

அதன்பின் ஆண்டுதோறும் செய்ய வேண்டிய முக்கிய வேலை பரப்பு அறிக்கை, எஃப்எஸ்ஏ-578. எந்த வயலில் என்ன பயிர், எந்தத் தேதியில் விதைத்தது, எத்தனை ஏக்கர், யாருக்கு எத்தனை பங்கு என்று வரைபடத்தில் குறித்துத் தர வேண்டும். அயோவாவில் மக்காச்சோளம், சோயாவுக்குக் கடைசி நாள் ஜூலை 15. கடந்துவிட்டால் பயிரோ அதன் அடித்தாளோ வயலில் இருக்கும்வரை தாமதமாகத் தரலாம். அளவெடுக்கும் செலவு உங்கள் தலையில்.

மழையால் விதைக்கவே முடியாமல் போனால் அதையும் சொல்ல வேண்டும். அயோவாவில் காப்பீட்டுக்கான கடைசி விதைப்பு நாள் மக்காச்சோளத்துக்கு மே 31, சோயாவுக்கு ஜூன் 15. எஃப்எஸ்ஏ அலுவலகத்துக்கு அதிலிருந்து 15 நாளுக்குள்ளும், காப்பீட்டு முகவருக்கு 72 மணி நேரத்துக்குள்ளும் தகவல் போக வேண்டும். ஒன்றுக்குச் சொன்னால் மற்றதற்குத் தானாகப் போய்விடும் என்று நினைத்து நட்டப்பட்டவர்கள் பலர்.

எல்லாம் கொடுத்தும் பணம் நின்றுபோகிறது. ஏன்?

பெரும்பாலும் சின்னக் காரணம்தான். கூட்டு நிறுவனத்தில் ஐந்து பேர் இருந்து நான்கு பேர் மட்டும் வருமானச் சான்றில் கையெழுத்திட்டிருப்பார்கள். ஐந்தாமவரின் பங்கு அளவுக்குத் தொகை குறையும். தந்தை இறந்து நிலம் பிள்ளைகள் பெயருக்கு வந்திருக்கும், ஏட்டில் தந்தை பெயரே நிற்கும். வங்கிக் கணக்கு மாறியிருக்கும். எஃப்எஸ்ஏவுக்குச் சொன்ன ஏக்கரும் காப்பீட்டுக்குச் சொன்ன ஏக்கரும் பொருந்தாமல் இருக்கும். மத்திய அரசுக்கு வேறு கடன் பாக்கி இருந்தால் மானியத்திலேயே கழித்துக்கொள்வார்கள்.

குத்தகை நிலத்தில் மானியம் யாருக்கு?

அயோவாவின் விவசாய நிலத்தில் பாதிக்கு மேல் உழுபவருக்குச் சொந்தமானதல்ல. எனவே இது முக்கியமான கேள்வி. ரொக்கக் குத்தகை என்றால் விளைச்சலின் அபாயம் முழுக்கக் குத்தகைதாரருடையது, மானியமும் அவருக்கே. விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்ளும் வாரக் குத்தகை என்றால் விளைச்சல் எந்த விகிதத்தில் பிரிகிறதோ அதே விகிதத்தில் மானியமும் பிரியும்.

ஏட்டில் இப்படி. நடப்பில் நில உரிமையாளருக்கும் ஒரு பங்கு போய்ச் சேர்ந்துவிடுகிறது. அடிப்படை ஏக்கர் நிறைய உள்ள நிலத்துக்கு அடுத்த ஆண்டு ரொக்கக் குத்தகையைக் கூட்டிக் கேட்பார்கள். மானியம் வருகிறதே, கொடுத்தால் என்ன என்பதுதான் பேச்சு. குத்தகை எழுதும்போது மானியத்தை நம்பித் தொகையை ஏற்றிக்கொள்ளாமல் இருப்பது நல்லது. விலை நன்றாக இருக்கும் ஆண்டில் மானியம் பூஜ்யம், குத்தகை குறையாது.

ஒருவருக்கு உச்சவரம்பு உண்டா?

உண்டு. ஏஆர்சி, பிஎல்சி இரண்டும் சேர்த்து ஆண்டுக்கு ஒருவருக்கு 1.25 லட்சம் டாலர் என்று இருந்தது. 2025 சட்டம் 1.55 லட்சமாக்கி, விலைவாசியோடு ஏறும்படி வைத்தது. மூன்றாண்டு சராசரி வருமானம் 9 லட்சம் டாலரைத் தாண்டினால் பொதுவாகத் தகுதி இல்லை. கணவன், மனைவி இருவருக்கும் தனித்தனி வரம்பு.

ஓட்டை கூட்டாண்மையில் இருக்கிறது. பொதுக் கூட்டாண்மையில் உறுப்பினர் எத்தனை பேரோ அத்தனை வரம்பு. ஒவ்வொருவரும் ‘விவசாயத்தில் முனைப்பாக ஈடுபட்டவர்’ என்று காட்ட வேண்டும்: உழைப்பென்றால் ஆண்டுக்கு 1,000 மணி நேரம், அல்லது தன் பங்குக்குத் தேவையான உழைப்பில் பாதி, இரண்டில் எது குறைவோ அது. நிர்வாகத்தில் ஈடுபட்டேன் என்றும் காட்டலாம். அதை அளப்பது கடினம். 2018 சட்டம் குடும்பம் என்ற வரையறைக்குள் ஒன்றுவிட்ட சகோதரர்களையும் உடன்பிறந்தார் பிள்ளைகளையும் சேர்த்தது. இந்த விதியால் பயன்பெறுவது பெரிய பண்ணைகளே. 200 ஏக்கர் வைத்திருப்பவர் உச்சவரம்பின் பக்கம்கூடப் போவதில்லை.

கீழ் எல்லையும் இருக்கிறது. அடிப்படை ஏக்கர் மொத்தம் பத்து அல்லது அதற்குக் குறைவு என்றால் பணம் இல்லை. தொடக்க நிலை விவசாயி, முன்னாள் படைவீரர், குறைந்த வருவாயினர் ஆகியோருக்கு விலக்கு உண்டு.

வயலில் வடிகால் குழாய் பதித்தால் மானியம் போய்விடும் என்கிறார்களே?

போகக்கூடும். கொசூத் கவுன்டி பனிப்பாறை விட்டுச்சென்ற சமதளம். பள்ளங்களில் வசந்தகாலத்து நீர் தேங்கும். மண்ணுக்கடியில் துளையிட்ட குழாய் பதித்து நீரை வெளியேற்றித்தான் இந்தப் பூமி இவ்வளவு விளைகிறது. ஆனால் 1985 டிசம்பர் 23-க்குப் பிறகு ஈரநிலத்தை வடித்துப் பயிரிட்டவருக்கு வேளாண் பயன்கள் மறுக்கப்படும் என்று அந்த ஆண்டின் சட்டம் சொல்கிறது. ஒரு பள்ளத்துக்காக, அந்த விவசாயியின் எல்லாப் பண்ணைகளுக்கும் வரும் பணமும் நிற்கலாம்.

ஆகவே குழாய் பதிக்கும் ஒப்பந்தக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் ஏடி-1026 படிவத்தைப் புதுப்பித்து, எந்த வயலில் எங்கே வேலை என்று குறித்துக் கொடுங்கள். வேளாண் துறையின் இன்னொரு கிளையான இயற்கைவளப் பாதுகாப்புச் சேவை ஈரநிலமா இல்லையா என்று தீர்மானித்து எழுத்தில் தரும். மாதக்கணக்கில் ஆகலாம். தரையில் பனி உறைவதற்கு முன் வேலையை முடிக்கும் அவசரத்தில் இதைத் தாண்டிப் போவதுதான் வழக்கமான தவறு.

நிலத்தைச் சும்மா போட்டால் அரசு வாடகை தருமாமே?

சும்மா போட்டால் அல்ல. பாதுகாப்பு ஒதுக்கத் திட்டம், சிஆர்பி, 1985-இல் வந்தது. 10 முதல் 15 ஆண்டு ஒப்பந்தம். பயிரை நிறுத்திப் புல், காட்டுப்பூ, மரம் நட்டு வளர்க்க வேண்டும். நடும் செலவில் பாதி வரை அரசு தரும். களையைக் கட்டுப்படுத்த வேண்டும். அயோவாவில் பறவைகள் கூடு கட்டும் மே 15 முதல் ஆகஸ்ட் 1 வரை புல் வெட்டக் கூடாது. வாடகை ஆண்டுக்கொரு முறை, அக்டோபரில். ஒருவருக்கு உச்சம் 50,000 டாலர். மக்காச்சோள விலை ஏறிவிட்டது என்று நடுவில் உடைத்தால் அதுவரை வாங்கிய வாடகை முழுவதையும் வட்டியோடு திருப்ப வேண்டும். அதன் மேல் அபராதமும் உண்டு.

பயிர்க் காப்பீடும் மானியம்தானா?

ஆம். தனியார் நிறுவனங்கள் விற்கின்றன. பிரீமியத்தில் சராசரியாக 60 சதவீதத்துக்கு மேல் அரசு கட்டுகிறது. இதற்கு வருமான வரம்போ உச்சவரம்போ கிடையாது. அயோவாவில் மக்காச்சோளம், சோயாவுக்கு மார்ச் 15-க்குள் வாங்க வேண்டும்.

சில ஆண்டுகளில் மட்டும் தொகை எகிறுவது ஏன்?

அவசர உதவிகளால். சீனாவுடனான வர்த்தகப் போரின்போது 2018-இல் சோயாவுக்குப் புஷலுக்கு 1.65 டாலர் தந்தார்கள்; மக்காச்சோளத்துக்கு ஒரு சென்ட். 2019-இல் கவுன்டிக்குக் கவுன்டி ஏக்கருக்கு 15 முதல் 150 டாலர் வரை. அடுத்து கொரோனா உதவி. 2020-இல் நாடு முழுவதும் நேரடித் தொகை 4,500 கோடி டாலரைத் தாண்டியது. 2025-இல் மீண்டும் 2024 பயிருக்காக, மக்காச்சோள ஏக்கருக்கு 42.91, சோயாவுக்கு 29.76 டாலர் என்று கணக்கிட்டார்கள். முதல் தவணையில் 85 சதவீதம் கொடுத்தார்கள். இவை அடிப்படை ஏக்கரைப் பார்ப்பதில்லை, விதைத்த பரப்பையோ விளைந்த அளவையோ பார்க்கின்றன. ஜூலை 15 பரப்பு அறிக்கையை ஒழுங்காகத் தந்தவர்களுக்கு இப்படிப்பட்ட நேரத்தில் வேலை சுலபம்.

காய்கறி, பழம், பன்றி வளர்ப்பவருக்கு?

ஏஆர்சி, பிஎல்சியில் இவை இல்லை. அடிப்படை ஏக்கரில் 15 சதவீதத்துக்கு மேல் காய்கறி போட்டால் மிஞ்சிய ஒவ்வொரு ஏக்கருக்கும் தொகை குறையும். பன்றிக்கு நேரடித் தொகை பெரும்பாலும் அவசர உதவிகளில்தான் வரும்; 2018-இல் தலைக்கு 8 டாலர் வந்தது.

பெறுபவர் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. அதை எப்படி வாசிப்பது?

என்விரான்மென்டல் வொர்க்கிங் குரூப் என்ற அமைப்பு தகவல் அறியும் சட்டப்படி பெற்ற பட்டியலைக் கவுன்டி வாரியாக வெளியிடுகிறது; 1995 முதலான தொகைகள் அதில் உண்டு. ஒரு பெயருக்கு எதிரே பத்து லட்சம் டாலர் என்று கண்டால் முதலில் அது ஓராண்டுத் தொகையா, கால் நூற்றாண்டின் கூட்டுத் தொகையா என்று பாருங்கள். அடுத்து, அது தனி ஆளா, பலர் சேர்ந்த கூட்டாண்மையா என்று பாருங்கள். முகவரி பெரிய நகரத்தில் இருப்பதால் மட்டும் போலி விவசாயி ஆகிவிட மாட்டார். வாரக் குத்தகைக்கு விட்ட வாரிசாக இருக்கலாம். சிஆர்பி வாடகை, விலை ஆதரவு, பேரிடர் உதவி மூன்றையும் பிரித்துப் பாருங்கள். தனிநபர் பயிர்க் காப்பீட்டு விவரம் ரகசியம் என்பதால் பட்டியலில் இராது. எனவே உண்மை உதவி அங்கே காண்பதைவிட அதிகம்.

இந்தியாவின் ஆதரவு விலையோடு ஒப்பிடலாமா?

கவனமாக. நம் அரசு குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு நெல்லை வாங்குகிறது. நெல் மூட்டையோடு கொள்முதல் நிலையத்தில் நிற்க வேண்டும். பிஎல்சியில் அரசு ஒரு மணிகூட வாங்குவதில்லை; சந்தையில் விற்றுக்கொள்ளச் சொல்லி வித்தியாசத்தைத் தருகிறது. 2017-இல் மத்தியப் பிரதேசம் கொண்டுவந்த பாவாந்தர் திட்டம் இதற்கு நெருக்கமானது; ஆனால் அதில் விவசாயி உண்மையில் விற்ற சரக்குக்குத்தான் தொகை, ஏட்டிலுள்ள ஏக்கருக்கு அல்ல.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால்?

கடிதம் கிடைத்த நாளிலிருந்து 30 நாள். அதற்குள் கவுன்டிக் குழுவிடம் மறுபரிசீலனை கேட்கலாம். பிறகு மாநிலக் குழு, அல்லது வேளாண் துறையின் தேசிய மேல்முறையீட்டுப் பிரிவு. சமரசப் பேச்சும் கேட்கலாம். வாய்மொழியாக ‘உங்களுக்குக் கிடையாது’ என்று சொன்னால் அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மேல்முறையீட்டு உரிமை அந்தக் கடிதத்தில்தான் எழுதியிருக்கும். கடித உறையையும் தபால் முத்திரையோடு பத்திரப்படுத்துங்கள். விதைப்புத் தேதி, ரசீது, காப்பீட்டு முகவருக்கு அனுப்பிய தகவல், வயலின் தேதியிட்ட படங்கள், இவை நான்கும் கையில் இருந்தால் குழுவின் முன் பேச எளிது.